பங்கு வைத்த பாட்டுப்பெட்டி

டீ எதற்குப் பாய்? நான் கேட்டேனா? கடைக்குள் கால் வைத்ததும் டீயை நீட்டினால் வந்தவன் எதையாவது வாங்கிவிடுவான் என்று நினைப்பு. நானும் கடை நடத்துகிறவன்தான். உடுமலைப்பேட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காபி கிளப். ஓசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் கொடுக்கிறவன் மனசில் ஒரு கணக்கு ஓடும். எனக்குத் தெரியாதா? சரி, கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். ஆறினால் வீண். குடிக்கிறேன்.

சர்க்கரை போடவில்லையா? எனக்குச் சர்க்கரை வியாதி என்று யார் சொன்னது? நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? பார்த்தாலே தெரிகிறதாம். பெரிய டாக்டர். இருக்கட்டும், நல்லதாகப் போயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் வாங்க வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முதல் பஸ்ஸில் ஏறியதால் சீக்கிரமே வந்துவிட்டேன், ஆஸ்பத்திரி இன்னும் திறந்திருக்காது. உக்கடத்தில் இறங்கி நடந்தேன். வழியில் உங்கள் கடை. எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அந்தப் பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தத் துணியை எடுங்கள். என்ன பொருள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். விலையும் சொல்ல வேண்டாம். விலையைக் காதில் வாங்கினால் நான் வாங்க வந்தவன் ஆகிவிடுவேன். துணியை மட்டும் எடுங்கள்.

ம்.

மூடியில் வட்டமாகக் கறுத்திருக்கிறதே, அது எங்கள் அப்பா கொதிக்கிற காபி டம்ளரை வைத்த இடம். பாட்டு வருகிற குழாயின் ஓரத்தில் ஒரு நெளிசல் இருக்கிறது, கையை வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம். அது என் தம்பி பண்ணியது. சின்ன வயதில் ஒரு நாள் அவன் மேல் நான் செம்பை எறிந்தேன். அவன் குனிந்துவிட்டான். செம்பு குழாயில் பட்டது. அவன் குனியாமல் நின்றிருந்தால் இந்தக் குழாய் இன்றைக்கும் நெளியாமல் இருந்திருக்கும். எங்கள் அப்பா அடித்தது என்னை.

சிரிக்காதீர்கள் பாய். வயதைப் பார்த்தால் உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம். கூப்பிட மாட்டேன். எனக்கு ஒரு தம்பி வாய்த்தான், அதுவே போதும்.

தண்டபாணி என்று பெயர். பெயரில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

இந்தப் பெட்டி வால்பாறையில் ஒரு எஸ்டேட் துரையிடம் இருந்தது. அவன் சீமைக்குத் திரும்பும்போது கட்டில், அலமாரி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனான். எங்கள் அப்பா இதை மட்டும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கடை வாசலில் வைத்துப் பாடவிட்டால் ஒரு டீ குடிக்க வந்தவன் இரண்டு குடிப்பான், அதுதான் அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. கூட்டம் வந்தது. நானும் தண்டபாணியும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம். அவன் சாவி கொடுப்பான். நான் முள்ளை எடுத்துப் பாட்டுத் தட்டில் வைப்பேன். மூத்தவன் நான், அதனால் முள் எனக்கு. சாவி கொடுப்பது மாட்டு வேலை, கை வலிக்கும். ஸ்பிரிங் இறுகும் இடம் தெரிந்து நிறுத்த வேண்டும், ஒரு சுற்று கூடப் போனால் அறுந்துவிடும். அது அவனுக்குக் கையிலேயே தெரியும். நான் இன்று வரை ஒரு தடவை கூடச் சாவி கொடுத்ததில்லை. எனக்கு அந்தத் தலையெழுத்து இல்லை.

இப்போது நான் சொல்லப் போவதை நன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். பழைய சாமான் வாங்கி விற்கிறீர்கள், நாலு வீட்டுச் சண்டையைப் பார்த்திருப்பீர்கள்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். மூத்தவன் ஒரு பங்கைப் பெரிதாகவும் ஒரு பங்கைச் சிறிதாகவும் வைத்தால் இளையவன் பெரிதை எடுத்துவிடுவான், அதனால் மூத்தவன் பயந்துகொண்டு சமமாக வைப்பான். அப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் சித்தப்பா வந்து உட்கார்ந்திருந்தார். ஜவுளிக் கடைக்காரர் ஒருவரும் பொது ஆள் என்று வந்திருந்தார்.

நான் பங்கு வைத்தேன். ஒரு பங்கு கடை. ரோட்டைப் பார்த்த கட்டடம், மேசை நாற்காலி, அண்டா குண்டான் எல்லாம் அதில் சேர்ந்தது. இன்னொரு பங்கு கடைக்குப் பின்னால் சந்தில் இருக்கிற ஓட்டு வீடு, கொஞ்சம் மேட்டுக்காடு. வீடு ஒழுகும். காட்டில் கிணறு உண்டு, தண்ணீர் இல்லை. சரி, இந்தப் பங்கு கொஞ்சம் இளைத்துத் தெரிகிறதே என்று அதன் மேல் இந்தப் பாட்டுப்பெட்டியை வைத்தேன். இதில் என்ன தப்பு? அவனுக்குப் பெட்டி என்றால் உயிர். அது எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? தெரிந்தே ஒன்றை வைத்தால் அது குற்றமா?

அவன் எழுந்து வந்தான். கடைப் பத்திரத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான் பாய். சத்தம் வராத சிரிப்பு, உதடு மட்டும் ஒரு பக்கம் போகும். எங்கள் சித்தப்பாவைப் பார்த்து, "பாட்டுப்பெட்டி இருக்கற பங்கு எனக்குங்க. அண்ணன் ரொம்ப யோசனை பண்ணித்தான் வெச்சிருக்காரு" என்றான்.

ரொம்ப யோசனை பண்ணி. நாலு பெரிய மனுஷர் நடுவில். ஜவுளிக் கடைக்காரர் இருமினார். சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் ஏதோ ஏமாற்றியது போல. அவனுக்குக் கடை வேண்டும் என்றால் எடுத்திருக்க வேண்டியதுதானே? யார் கையைப் பிடித்தது? சரி, கடை எனக்கென்று விட்டுவிட்டான், அப்படியானால் பெட்டியையும், "அண்ணா, இது அப்பா ஞாபகம், நீயே வெச்சுக்க" என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு பேச்சுக்காவது? நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். அவன் சொல்லவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கடை வந்தது. வந்தது. அதைப் பற்றி யார் பேசினார்கள்? என் பேச்சு அந்தச் சிரிப்பைப் பற்றி.

இதோடு முடிந்ததா? அந்தச் சந்து வீட்டு ஜன்னல் என் கடையின் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு சாக்கடை, அவ்வளவுதான். அவன் பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். ஷிப்ட் முடிந்து வருவான், குளிப்பான், பெட்டியைத் தூக்கி ஜன்னலில் வைப்பான். குழாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்? என் அடுப்படியைப் பார்த்து. அவன் வீட்டுக்குள் அவன் பெண்டாட்டி இருந்தாள், மகள் இருந்தாள், அவர்களைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். வைக்க மாட்டான். முதலில் கிர், கிர் என்று சாவி கொடுக்கிற சத்தம். அப்புறம் பாட்டு. என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள அவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஜன்னலில் நின்று கத்தினேன். "ஏண்டா, ஊருக்கே கேக்கோணுமா உன்ற பாட்டு?"

"ஊருக்கு இல்லீங்ணா. உங்க சாம்பாருக்கு. உப்புக் கொறையுதுன்னு சாப்புடறவங்க சொல்றாங்க. பாட்டையாவது ஊத்தலாம்னு பாத்தேன்."

எப்படி இருக்கிறது? மூத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

ஜன்னலை அடைத்துப் பார்த்தேன். அடுப்பு வெக்கை. மாஸ்டர் மயக்கம் போட்டு விழுந்தான். திறந்து வைக்க வேண்டியதாயிற்று. என்ன செய்ய? காது இருக்கிறதே. எந்தத் தட்டுக்கு அப்புறம் எந்தத் தட்டு வரும், எந்த இடத்தில் முள் தடுக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். விருப்பப்பட்டுக் கேட்டதில்லை. காதில் விழுந்தது. ஒரு நாள் வரிசையை மாற்றிப் போட்டான், எனக்கு அன்றைக்கு இட்லி மாவில் கை ஓடவில்லை. வேண்டுமென்றேதான் மாற்றியிருப்பான்.

என் பெண்டாட்டி பூவாத்தா இருக்கிறாளே, அவள் சொல்வாள், "உங்க தம்பி அதை உங்களுக்குத்தான் போடறாருங்க" என்று. நீ எந்தக் கட்சி என்று கேட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பேச்சு அடியோடு நின்றது எங்கள் சுகந்தி கல்யாணத்தில். சுகந்தி என் மகள். கல்யாணத்தன்று காலையில் மைக் செட்காரன் வரவில்லை. வண்டி கவிழ்ந்துவிட்டதாம். பாட்டில்லாத கல்யாண வீடு எப்படி இருக்கும்? சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரி பார்த்தார்கள். சரி, போனால் போகிறது என்று பூவாத்தாவை அனுப்பிப் பெட்டியைக் கொடுத்தனுப்பச் சொன்னேன். பெட்டியைத்தான் சொன்னேன் பாய். ஆளைச் சொல்லவில்லை. என்னை நம்பிப் பெட்டியைக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. அவனே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வாசலில் வைத்து, விடியற்காலையிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் நின்றுகொண்டே சாவி கொடுத்தான். தட்டு மாற்றினான், முள் மாற்றினான், மறுபடி சாவி. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பார்க்கிறவர்கள், "யாருங்க அந்த ஆளு, கூலிக்குப் புடிச்சீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

கடைசிப் பந்தி முடிந்து பார்க்கிறேன், ஆளைக் காணோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கை நனைக்காமல். என் வீட்டுக் கல்யாணத்தில் என் கூடப் பிறந்தவன் ஒரு வாய் சாப்பிடாமல் போகிறான். சம்பந்தி என் கையைப் பிடித்து, "உங்க தம்பி பட்டினியாப் போறாரே, ஏதாச்சும் சங்கதிங்களா?" என்று கேட்டார். நான் வாசலில் நின்று வந்தவர் போனவர் அத்தனை பேரையும் கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்? அவனும் அங்கேதானே நின்றான்? அவன் காதில் விழவில்லையா? கூடப் பிறந்தவனுக்குத் தனியாக ஒரு அழைப்பு வைக்க வேண்டுமா? அவனாக இலையில் போய் உட்கார்ந்தால் எழுப்பியா விட்டிருப்பேன்?

பூவாத்தா தூக்குப் போசியில் சோறும் பாயசமும் எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். அவன் தொடவில்லை. "அண்ணன் வந்து ஒரு வார்த்தை வாடான்னு கூப்புடட்டும். அன்னிக்கு வந்து சாப்புடறேன்" என்றானாம்.

நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்? அவன் பெண்டாட்டி செத்தபோது துக்கத்துக்குப் போனேன், எல்லாரையும் போல நின்றுவிட்டு வந்தேன். அவனிடம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆனால் பாட்டு மட்டும் நிற்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே ஜன்னலில் குழாய் வந்து உட்கார்ந்துவிட்டது, என்னைப் பார்த்து.

இன்னொரு டீயா? ஏன் பாய், நான் இருந்தால் உங்களுக்கு வியாபாரம் கெடுகிறதா, நடக்கிறதா? கொடுங்கள்.

போன தை மாதம் அவனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. வலது கை. சாவி கொடுக்கிற கை. குனியமுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிற அவன் மகள் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று நானே பார்த்தேன். பெட்டியும் காரில் ஏறியது. கார் சந்தைத் தாண்டும்போது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான் என்று பூவாத்தா சொல்கிறாள். நான் கவனிக்கவில்லை. உளுந்து அரிக்கிற வேலை இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாயங்காலம் கடைக்கு வருகிற ஒருத்தன், வருஷக்கணக்காக வருகிறவன், "என்னங்க, கடையில பாட்டக் காணோம்?" என்கிறான். என் கடையில் பாட்டு எப்போது இருந்தது? அடுத்த நாள் இன்னொருத்தன் கேட்கிறான். ரேடியோ ரிப்பேருங்களா என்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது பாய். இத்தனை வருஷமும் அவர்கள் எல்லாரும் அதை என் கடைப் பாட்டு என்றே நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் என் கடை நிறைந்திருக்கும். என் கை ருசிக்கு வருகிறார்கள் என்று இருந்தேன். இப்போது நாலு பேர் வருகிறார்கள். பைபாஸ் ரோடு போட்டுவிட்டார்கள், அதனால்தான். வேறு காரணம் இல்லை. ஆனாலும் பாருங்கள், வாடகை கொடுக்காமல் என் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்திருக்கிறான். எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும்.

பூவாத்தா என்னைக் கேட்காமல் குனியமுத்தூர் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். பெட்டியை உக்கடத்தில் ஒரு பாய் கடையில் கொடுத்துவிட்டான் என்று சொன்னாள். அவளாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை. எந்தக் கடை, எந்தச் சந்து என்று மட்டும் கேட்டேன். அப்பா மடியில் வைத்துக் கொண்டுவந்த பொருளை விற்றிருக்கிறான். விற்பதற்கா அன்றைக்கு அந்தச் சிரிப்புச் சிரித்து எடுத்தான்?

இல்லை, கண் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். சீட்டு வைத்திருக்கிறேன், காட்டட்டுமா? வீட்டில் இருக்கிறது.

சரி, ஒரு தட்டு இருந்தால் போடுங்கள். எந்தத் தட்டாக இருந்தால் என்ன? நான் வாங்கப் போகிறேனா? ஓடுகிறதா என்று பார்க்கத்தான். சாவி நீங்கள் கொடுங்கள். மெதுவாக. அவன் இவ்வளவு வேகமாகச் சுற்ற மாட்டான். ம். ம். இன்னும். போதும், நிறுத்துங்கள். நிறுத்துங்கள் என்கிறேன். இறுகிவிட்டது, சத்தம் மாறியது தெரியவில்லையா? எனக்கு எப்படித் தெரியும் என்றால்? சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்.

முள்ளில் கை வைக்காதீர்கள். அது என் வேலை.

இதோ, வைத்துவிட்டேன். ம், பாடுகிறது.

போதும். எடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்க எனக்கு நேரமில்லை.

வாங்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? கடையில் வைக்க இடம் இல்லை. சாவி கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. பூவாத்தா பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், சொல்லாமல் இருப்பாள், அதுதான் தாங்காது. ஆனால் ஒன்று செய்யலாம். என் அடுப்படி ஜன்னலில் வைத்து, குழாயை அவன் வீட்டைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். வீடு பூட்டித்தான் கிடக்கிறது. என்றைக்காவது கை சரியாகித் திரும்பி வருவான் இல்லையா? வந்து கேட்கட்டும். தினமும் கேட்கட்டும். எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

என்ன விலை?

என்ன?

பாய், என்னை என்ன நினைத்தீர்கள்? இந்த விலைக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்குக் கூட வராது. அங்கே மூலையில் கிடக்கிற அந்த உடைந்த கடிகாரத்துக்கே இதைவிட அதிகம் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். உள்ளே ஸ்பிரிங் போய்விட்டதா? இல்லையே, இப்போதுதானே ஓடியது. பின்னே? மூன்று மடங்கு சொல்வீர்கள், திட்டிவிட்டு எழுந்து போகலாம் என்று வந்தால், கொடுத்த காசுக்கே தருகிறேன் என்கிறீர்கள். எந்த வியாபாரி கொடுத்த காசுக்கே தருவான்? இதில் என்னமோ இருக்கிறது. சொல்லுங்கள். சொல்லாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்.

யார் சொன்னது?

அவனே வந்தானா? விழுந்த கையோடு?

மறுபடி சொல்லுங்கள். அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

"உடுமலையிலிருந்து ஒரு பெரியவர் வருவாருங்க. கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்னோ பல்லு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்னோ சொல்லுவாரு. உள்ள வந்ததிலிருந்து என்னையத் திட்டிக்கிட்டே இருப்பாரு. அவருக்குத்தான் இதைக் குடுக்கோணும், வேற ஆருக்கும் குடுத்தராதீங்க. நான் கையில கொண்டுபோய்க் குடுத்தா வாங்க மாட்டாரு. கடையில இருந்தா வருவாரு."

ம். அப்புறம்?

"முதல் பஸ்ஸுல வெறும் வயித்தோட வந்திருப்பாரு. டீ வாங்கிக் குடுங்க. சர்க்கரை வேண்டாம்."

இந்த டீயா?

இரண்டுமா?

சிரித்தானா, இதைச் சொல்லும்போது? உதடு ஒரு பக்கம் போயிற்றா? வாய் கோணியிருந்ததால் தெரியவில்லையா. சிரித்திருப்பான். எனக்குத் தெரியும். பார்த்தீர்களா பாய், எவ்வளவு திமிர். ஒரு கை விழுந்த பிறகும் நான் எங்கே வருவேன், என்ன பேசுவேன், எதைக் குடிப்பேன் என்று அவன் உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்கிறான். நான் கூப்பிட்டு அவன் வந்து சாப்பிட வேண்டும் என்பது பேச்சு. இப்போது அவன் கொடுத்து நான் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். டம்ளர் காலியாகக் கிடக்கிறது. துப்பவா முடியும்?

வேண்டாம். எனக்கு இந்தப் பெட்டி வேண்டாம். மூடி வையுங்கள். நான் போகிறேன்.

வேறு யாராவது கேட்டால்? கொடுக்க மாட்டீர்களா? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? எலி இருக்கிறதா இங்கே? குழாய் மேல் நாற்காலியைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள், இன்னொரு நெளிசல் விழாதா?

கட்டுங்கள்.

நல்ல சாக்காகப் போட்டுக் கட்டுங்கள். குழாயைத் தனியாகக் கழற்றுங்கள். நெளிசலைத் தட்டிச் சரி செய்கிறேன் என்று சுத்தியலை எடுக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். சாவியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுங்கள், அது பஸ்ஸில் விழுந்தால் போச்சு. பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

பாய், ஒன்று மட்டும். வாங்கிக்கொண்டு போனாரா என்று அவன் ஆள் அனுப்பிக் கேட்பான். போனார் என்று சொல்லுங்கள். டீ குடித்தாரா என்று கேட்பான். குடித்தார் என்று சொல்லுங்கள், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. அப்புறம், திட்டினாரா என்று கேட்பான். அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் காத்துக்கொண்டிருப்பான். இல்லை என்று சொல்லுங்கள். வந்தார், உட்கார்ந்தார், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை என்று சொல்லுங்கள். நம்ப மாட்டான். அல்லா மேல் ஆணை என்று சொல்லுங்கள், பாவம் வந்தால் என்னைச் சேரட்டும்.

கும்பிட்டுக் கேட்கிறேன் பாய். ஒரே ஒரு தடவையாவது அவன் ஏமாறட்டும்.